வாத்தியார் முடிச்சு

அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்த வழியெல்லாம் ரத்தம் சொட்டியிருந்தது. கீழே பட்டறையில் ஒரு பைக்கின் வயிற்றைப் பிளந்து போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைக்கூட வைக்காமல் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மாமா! கேஸ் வந்திருக்கு மாமா! ரத்தத்தோட வந்திருக்கு!"

"கேஸ் எங்கேயும் ஓடிப் போயிடாது. முதல்ல பஞ்ச எடு மச்சான்," என்றார் நிதானம்.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தீப்பிடித்த கிடங்குகளைக் குடைந்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, இப்போது இந்த மாடியில் துப்பறியும் வேலை பார்க்கும் மனிதர் அவர். பூகம்பமே வந்தாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார் என்று அவர் மனைவி சொல்வாள். அவளுடைய தம்பிதான் இந்த மெக்கானிக். அவனுக்குச் சட்டையே தேவையில்லை. சண்டை என்ற சொல் காதில் விழுந்தால் போதும்.

நெற்றியில் கல் பட்ட காயம். அழுத்தித் துடைத்தபோது அந்தப் பெண் முகம் சுளித்தாளே தவிர அழவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"என் வீட்டுக்காரரக் கொலைகாரன்னு பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க. அவரு கயிறு வாத்தியாருங்க. பழைய கிடங்கு ஒண்ணுல முடிச்சுப் போடப் பழக்குறாரு. மரத்துல ஏறுறவங்க, உயரக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவங்க, தீயணைப்புல சேரப் போறவங்க, மலை ஏறப் போறவங்க, எல்லாரும் வருவாங்க. பக்கத்து வீட்டுக்காரம்மா பரண்ல சாமான் கட்டக்கூட வந்து கத்துக்கிட்டாங்க."

"செத்தது யாரும்மா?"

"மரம் அறுக்குற மில் வச்சிருக்காரே, அந்தக் கான்ட்ராக்டர். நைஞ்சுபோன கயித்தக் குடுத்து ஒரு ஆள மரத்துல ஏத்துனாரு. கயிறு அறுந்து அந்தப் பையன் விழுந்து செத்தான். எங்க வாத்தியார் மில்லுக்கே போயி, 'உன்ன இதே கயித்துல இந்தத் தூண்லயே கட்டணும்டா'ன்னு எல்லார் முன்னாலயும் கத்திட்டு வந்தாரு. இன்னிக்குக் காலைல அதே தூண்ல கட்டிக் கிடக்குறாரு அந்த ஆளு. மண்டையப் பொளந்து, கழுத்த இறுக்கி. முடிச்சு எங்க வாத்தியார் முடிச்சாம். வேற எவனுக்கும் வராதாம்."

"அவரு ராத்திரி எங்கே இருந்தாரு?"

"கிடங்குல. கயிறெல்லாம் அலசிக் காயப் போட்டுட்டு, தனியா." அந்தத் தனியா என்ற சொல்லில்தான் அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "செத்தவரோட தம்பி, சின்னவரு, எங்க தெருவுல நின்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இருட்டுறதுக்குள்ள வீட்டோட வச்சுக் கொளுத்துவாராம். இந்தக் கல்லு சும்மா ஆரம்பமாம்."

"நீங்க வேற எங்கேயாவது போயிடலாமே?" என்றான் மெக்கானிக்.

"நான் ஓடிட்டா, அப்ப அவருதான் செஞ்சாருன்னு ஆயிடாதா தம்பி? நான் எங்கேயும் போக மாட்டேன். அவரு திரும்பி வந்தா அந்த வீட்டுக்குத்தான் வருவாரு."

நிதானம் எழுந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள உங்க வீட்டுக்கு வர்றோம். வாசல் கேட்ட உள்பக்கமா சாத்தி வைங்க."

மரமில்லின் கொட்டகையில் ரம்பம் நின்றிருந்தது. ரத்தம் மரத்தூளில் ஊறிக் கட்டிகட்டியாக உறைந்திருந்தது. அதன்மேல் ஈக்கள். பிணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் தூணைச் சுற்றிய கயிறு அப்படியே இருந்தது. கழுத்தோடு சேர்த்துப் பின்னிய பகுதியை யாரோ கத்தியால் அறுத்திருக்க, தூணில் போட்ட முடிச்சு மட்டும் கெட்டியாக, கலையாமல் நின்றது. தூணின் அடியில் ஒரு கட்டை. அதன் முனையில் முடி ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

பிணத்தை முதலில் பார்த்தவன் லாரி டிரைவர். மரமும் ஏறுவான், லோடும் கட்டுவான். கட்டையான ஆள், இடது கையில் டீ கிளாஸ்.

"உயிர் இருக்குமோன்னு ஓடினேன் சார். அந்த ஆளு எங்கள நாயா நடத்தினவன்தான். அதுக்காக அப்படியே விட முடியுமா? தூண்ல இருக்குற முடிச்ச அவுத்தா மொத்தக் கயிறும் தளரும்னு அதுலதான் கை வச்சேன். வாத்தியார் முடிச்சு சார் அது. கண்ண மூடிக்கிட்டு அவுப்பேன். மரத்து உச்சில தொங்கிக்கிட்டு அவுத்திருக்கேன். ஆனா இன்னிக்குக் கை போன இடத்துல கயித்தோட வால் நுனி இல்ல. தடவுறேன், தடவுறேன், சிக்கவே இல்ல. பதட்டம் சார். கடைசில கத்தியால அறுத்தேன். அதுக்குள்ள உடம்பு சில்லுன்னு ஆகியிருந்துச்சு."

மெக்கானிக் நிதானத்தின் காதில் கிசுகிசுத்தான். "மாமா, கிளாஸப் பிடிச்சிருக்குற கையப் பாருங்க. இடது கை. நான் சொல்றேன், இவன்தான்."

"நீ சொல்லு. சொல்லிக்கிட்டே இரு," என்றார் நிதானம். பிறகு டிரைவரிடம், "அந்த முடிச்ச எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க," என்றார்.

டிரைவர் கிளாஸைக் கீழே வைத்தான். ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துப் பக்கத்துத் தூணில் சுற்றினான். ஒரு சின்ன வளையம், அதற்குள் நுனி, நீளக் கயிற்றைச் சுற்றி வந்து மறுபடி அதே வளையத்துக்குள். இழுத்தான். மிச்சமிருந்த வாலை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகினான். அந்தக் கடைசிச் செருகல்தான் வாத்தியார் சேர்த்தது. வேறெங்கும் அதைச் சொல்லித் தருவதில்லை.

"நீங்க இடது கைக்காரர்தானே? ஆனா வலது கைக்காரன் மாதிரியே போடுறீங்களே?"

"வாத்தியார் விட மாட்டாரு சார். கட்டுறவன் ஒருத்தன், மேல ஏறுமுன்ன அதச் சோதிக்கிறவன் இன்னொருத்தன். எல்லார் முடிச்சும் ஒரே மாதிரி இருந்தாத்தான் தப்பு கண்ணுல படும். அதனால எந்தக் கைக்காரனா இருந்தாலும் ஒரே பக்கமாத்தான் போடணும்பாரு. வகுப்பு பூரா நமக்கு முதுகக் காட்டிக்கிட்டே நிப்பாரு. அவரு முதுகுல சட்டை எங்க கிழிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். மூஞ்சிதான் அடிக்கடி மறந்து போகும்."

நிதானம் சிரித்தார். இரண்டு தூண்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, முடிச்சுகளை மாறி மாறி நெடுநேரம் பார்த்தார். மெக்கானிக்கிடம் இரண்டையும் போனில் படம் எடுக்கச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து டிரைவரின் டீ கிளாஸை எட்டி அடித்தது. கண்ணாடி தூணில் பட்டுச் சிதறியது. "எங்கண்ணன் ரத்தம் இன்னும் காயல. உனக்கு டீ கேக்குதா?" என்று கத்தியபடி டிரைவரின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார் சின்னவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிவந்த கண்கள். டிரைவரின் உதட்டில் ரத்தம் வந்தது. அவன் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான். அடி வாங்கிப் பழகியவனின் ஒதுங்கல் அது.

"நீங்க யாரு? அவ அனுப்புனாளா?" என்று சின்னவர் நிதானத்தின் பக்கம் திரும்பினார்.

"முடிச்சப் பார்க்க வந்தோம். நீங்க அந்த வகுப்புக்குப் போயிருக்கீங்களா?"

"நானா? ஷூ லேஸ் கட்டவே எனக்கு ஆள் வேணும்யா. கயிறு பிடிக்கிறதெல்லாம் ஏறி இறங்குற பயலுக வேலை. அண்ணன் மில்லுல இருக்குற அத்தன பேரையும் அங்க அனுப்புனாரு, நான் ஒரு நாள்கூடப் போகல. கேட்டுப் பாருங்க. இப்ப கிளம்புங்க. சாயங்காலம் அவ வீட்டுப் பக்கம் தலையக் காட்டாதீங்க, நெருப்புக்கு ஆள் அடையாளம் தெரியாது."

மெக்கானிக் ஸ்பானரை ஓங்கினான். நிதானம் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

வாசல்வரை வந்த டிரைவர் தணிந்த குரலில் சொன்னான். "போன மாசம் கான்ட்ராக்டர் இந்தத் தம்பிய பெல்ட்டக் கழட்டி அடிச்சாரு சார். எங்க எல்லார் முன்னாலயும். குப்புற விழுந்து கிடந்தாரு. எந்திரிச்சு, தூசியத் தட்டிட்டு, என்ன செஞ்சாரு தெரியுமா? சிரிச்சாரு."

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டே பேசினார். "நானே அவர்கிட்ட கத்துக்கிட்டவன்தான் சார். ரெண்டு சுத்து வால் செருகல பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. கோர்ட்ல நிறுத்துறதுக்குள்ள ஒத்துக்க வச்சிருவேன். போய்ப் பாருங்க."

எப்படி ஒத்துக்கொள்ள வைக்கிறார் என்பது கம்பிக்குப் பின்னால் தெரிந்தது. வாத்தியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நடுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"'இந்தக் கைதானே கட்டுச்சு?'ன்னு கேட்டுப் பூட்ஸால மிதிச்சாரு," என்றார் வாத்தியார், யாரோ ஒருவரின் கையைப் பற்றிப் பேசுவதுபோல. "அவளுக்குச் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே கல்லடி பட்டிருக்கான்னு சொன்னாங்க."

மெக்கானிக் பல்லைக் கடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. "சொல்ல மாட்டோம்," என்றார் நிதானம். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட நேர்ல வராம இந்த முடிச்ச ஒருத்தன் கத்துக்க வழி இருக்கா?"

"ஒரு வீடியோ போட்டேன். வர முடியாதவங்களுக்குன்னு. தனியா இருந்தப்ப போன எதிர்ல வச்சு நானே எடுத்தது. இன்னும் போன்ல எல்லாரும் பார்க்குற மாதிரிதான் கிடக்கு."

வெயில் சாயும் நேரத்தில் அவர்கள் வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சின்ன வீடு. முன்னால் நாலடி இடம் விட்டு ஒரு இரும்புக் கம்பிக் கேட். மற்ற மூன்று பக்கமும் பக்கத்து வீடுகளின் சுவர். வெளியே போக வேறு வழி கிடையாது. தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தன. பரண் கட்டக் கற்றுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரம்மாவின் ஜன்னலும்தான்.

நிதானம் உட்கார்ந்ததும், "என் மச்சானுக்கு அந்த முடிச்சக் கத்துக்குடுங்கம்மா," என்றார்.

"இப்பவா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"வீடியோவ வச்சே கத்துக்கட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க."

மெக்கானிக் போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு கயிற்றை எடுத்தான். திரையில் வாத்தியார் நேராக அவனைப் பார்த்து நின்று, பொறுமையாக வளையம் போட்டார். இவனும் போட்டான். வாத்தியாரின் நுனி திரையில் எந்தப் பக்கம் போனதோ, இவன் நுனியும் அதே பக்கம் போனது. முதல் தடவை அவிழ்ந்து விழுந்தது. இரண்டாம் தடவை விரல் மாட்டிக்கொண்டது. "எஞ்சினப் பிரிச்சு மாட்டுறவன்யா நானு, ஒரு கயிறு என்னய இப்படிக் கேவலப்படுத்துதே!" என்று திட்டிக்கொண்டே போட்டான். கடைசியில் முடிச்சு நின்றது. வாலையும் செருகினான். கட்டிலின் காலில் மாட்டி இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"பாத்தீங்களா!"

வாத்தியாரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "கெட்டியாத்தான் இருக்கு தம்பி. ஆனா தலைகீழ் பக்கம். எதிர்ல நின்னு காட்டுறவங்களப் பார்த்துப் போட்டா எல்லாருக்கும் இப்படித்தான் வரும். அவரு வலது கை, உங்களுக்கு இடது கைப் பக்கமாத் தெரியுதுல்ல? கண்ணாடியப் பார்த்துப் போடுற மாதிரி போட்டுட்டீங்க. அதனாலதான் வகுப்புல அவரு முதுகக் காட்டி நிப்பாரு. இந்த வீடியோவ வேற மாதிரி எடுங்கன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நிதானம் மெக்கானிக்கின் போனை எடுத்து, காலையில் தூணில் எடுத்த படத்தை அவன் முடிச்சின் பக்கத்தில் வைத்தார். வால் புறப்பட்ட பக்கம், வளையம் மடிந்த பக்கம், எல்லாம் அச்சாக ஒன்றாக இருந்தன. டிரைவரின் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம்.

"அடப்பாவி!" என்றான் மெக்கானிக். "அப்ப கொன்னவன் வகுப்புக்கே போகாதவன்!"

"வகுப்புக்குப் போனவன் யாரும் இல்ல. வாத்தியாரும் இல்ல. வாத்தியார மாட்டிவிடணும்னே வீடியோவப் பார்த்து உருப்போட்டவன்."

அவள் எழுந்தே விட்டாள். "அப்ப வாங்க, இப்பவே இன்ஸ்பெக்டர்கிட்ட போவோம்!"

"போனா, அவருதான் வேணும்னே மாத்திப் போட்டாருன்னு சொல்லுவாரும்மா. வகுப்புக்குப் போகாதவங்க ஊர் பூரா இருக்காங்க. யாருன்னு எனக்கு ஒரு எண்ணம் இருக்கு. எண்ணத்த வச்சு ஒரு ஆள வெளிய கொண்டுவர முடியாது."

மேற்கொண்டு பேச நேரம் கிடைக்கவில்லை. தெருவில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து கேட்டின்மேல் ஏதோ இடி விழுந்ததுபோல் மோதியது.

வெளியே சின்னவர். அவருக்குப் பின்னால் செத்தவரின் மச்சினன்மார் இருவர், அரிவாளோடு. மில் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். லாரியிலிருந்து டிரைவர் இறங்கினான். முகத்தில் இஷ்டமில்லாதது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒருவன் டீசல் கேனைத் தூக்கி வந்தான். இவர்கள் வாசலுக்கு வருவதற்குள் சின்னவர் லாரிக் கயிற்றைக் கேட்டின் இரண்டு கதவுக் கம்பிகளுக்குள்ளும் விட்டு இழுத்து, கைகள் பரபரக்கக் கட்டி முடித்துவிட்டார்.

"ஒருத்தியும் வெளிய வரக் கூடாது! ஒருத்தனும் வரக் கூடாது!"

டீசல் கம்பிகளுக்கிடையே பீய்ச்சி அடித்தது. அவள் காலில், வாசற்படியில், கதவில். மெக்கானிக் பாய்ந்து கம்பிக்கு வெளியே கையை விட்டுக் கேனைப் பிடித்தான். ஒரு அரிவாள் அவன் முழங்கையைக் கீறிக்கொண்டு போனது. ரத்தம் கொட்டியது. அவன் கேனை விடவில்லை. "விடுறா! விடு! எங்க அக்கா புருஷன் உள்ள இருக்காருடா!"

நிதானம் கேட்டருகே வந்தார். டீசலில் செருப்பு வழுக்கியது. கயிற்றைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, பக்கத்து வீட்டில் உப்புக் கடன் கேட்கும் குரலில் கூப்பிட்டார்.

"டிரைவர் தம்பி. ஒரு உதவி. இந்த முடிச்ச மட்டும் அவுத்து விடுறீங்களா? வாத்தியாரோட சம்சாரம் உள்ள இருக்காங்க. உங்களுக்கும் சோறு போட்ட கைதானே."

டிரைவர் சின்னவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கன்னத்தில் காலையில் வாங்கிய அறை இன்னும் சிவந்திருந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இரண்டு எட்டில் கேட்டுக்கு வந்து முடிச்சில் கை வைத்தான். கை பழக்கமாக ஒரு பக்கம் போனது. அங்கே வால் இல்லை. தடவினான். விரல்கள் அப்படியே நின்றன.

"சார்," என்றான். "காலைல மாதிரியே இருக்கு சார். கை தப்புப் பக்கம் போகுது. இதே முடிச்சுதான் சார் அது!"

"அவுக்காதீங்க. அப்படியே விடுங்க," என்றார் நிதானம். "மில்லுக்காரங்க எல்லாரும் வந்து பாருங்க. நீங்க சோதிச்சுப் பழகினவங்கதானே. இது வாத்தியார் முடிச்சா?"

இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. "ஆமா... இல்ல, பக்கம் மாறியிருக்கு," என்றான் ஒருவன். "இப்படிப் போட்டா வாத்தியார் மரத்துல ஏறவே விட மாட்டாரு."

"அந்தப் பக்கமிருந்து பாக்குறதால மாறித் தெரியுது! என்ன கதை விடுறான் இந்த ஆளு!" என்று சின்னவர் கத்தினார்.

"வலது கால் செருப்ப எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இடது கால் செருப்பு ஆகாது ஐயா. முடிச்சும் அப்படித்தான். தூண்ல இருந்த முடிச்சு இந்தப் போன்ல இருக்கு, எல்லாரும் பாருங்க. அதே தப்பு. வாத்தியார் எதிர்ல நின்னு எடுத்த வீடியோவப் பார்த்துக் கத்துக்கிட்டவனுக்குத்தான் இப்படி வரும். வாத்தியார் இப்ப லாக்கப்புல இருக்காரு. அப்ப கேட்ல இதப் போட்டது யாரு?"

எல்லாத் தலைகளும் சின்னவர் பக்கம் திரும்பின. அத்தனை பேரும் பார்த்திருக்க அவர்தான் போட்டார்.

"காலைல ஷூ லேஸ் கட்டவே ஆள் வேணும்னீங்க," என்றார் நிதானம். "உண்மைதான். வேற யாரா இருந்தாலும் ஒரு சாதா முடிச்சு ரெண்டு போட்டுட்டுப் போயிருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சது உலகத்துலயே இது ஒண்ணுதான். அண்ணனுக்காக உருப்போட்டது. அவசரத்துல கை அதத்தான் போடும்."

மூத்த மச்சினன் மெல்லத் திரும்பினான். "சின்னவரே. என்ன இது?"

சின்னவருக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. "ஆமாடா!" என்று அலறினார். "நான்தான்! பெல்ட்டால அடிச்சான்! சின்ன வயசுலேர்ந்து அடிச்சான்! இத்தன நாய்ங்க வேடிக்கை பாக்க அடிச்சான்! நீங்க எவனாவது தடுத்தீங்களாடா?" பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி டிரைவரின் தோளில் ஒரே வெட்டு. டிரைவர் கேட்டில் சரிந்தான். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய கையை மெக்கானிக் கம்பி வழியாகப் பிடித்து முறுக்கினான். எலும்பு மளுக்கென்றது. அரிவாள் கேட்டுக்கு உள்பக்கமாக விழுந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு மனுஷத்தனம் என்று எதுவும் மிச்சமில்லை. யாரைக் கொளுத்த வந்தார்கள் என்பதை மறந்து சின்னவர்மேல் பாய்ந்தார்கள். உதை, மிதி, கல். "கூடப் பொறந்தவனையே கொன்னுட்டியேடா! எங்க அக்கா தாலிய அறுத்துட்டியேடா!" என்று கதறிக்கொண்டே மச்சினன்மார் லாரிக் கயிற்றின் மறுமுனையை அவர் கழுத்தில் மாட்டினார்கள். லாரியின் பின்பக்க இரும்புச் சட்டத்துக்கு மேல் வீசி இருவரும் இழுத்தார்கள். சின்னவரின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின.

"தொங்கட்டும்!" என்றான் மெக்கானிக், கையிலிருந்து ரத்தம் வடிய. "நல்லா தொங்கட்டும்!"

வாத்தியாரின் மனைவி உள்ளே விழுந்திருந்த அரிவாளை எடுத்தாள். கேட்டுக் கயிற்றில் ஓங்கினாள்.

நிதானம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினார். "முடிச்சத் தொடாதீங்க! கயித்த வெட்டுங்க!"

முடிச்சுக்கு ஒரு முழம் தள்ளி வெட்டினாள். கேட் திறந்தது. டீசலில் நனைந்த காலோடு ஓடிப்போய், மச்சினன்மார் இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை ஒரே போடாகப் போட்டாள். சின்னவர் மூட்டைபோல் பொத்தென்று விழுந்தார். அவள் அவருக்குக் குறுக்கே காலை அகட்டி நின்று அரிவாளை ஓங்கினாள்.

"எவனாவது இவனத் தொட்டீங்க, கை இருக்காது!"

"உன்னய உயிரோட எரிக்க வந்தவன்மா அவன்!" என்றான் மூத்த மச்சினன்.

"தெரியும்! இவன் செத்துட்டா என் புருஷன் எப்படிடா வெளிய வருவாரு? இவன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் இவன் மூச்சு விடணும். விடுறா மூச்சு!" என்று கீழே கிடந்தவரைக் காலால் ஒரு உதை உதைத்தாள். சின்னவர் இருமி, ரத்தம் துப்பி, மூச்சு விட்டார்.

ஒருவரும் நெருங்கவில்லை. நிதானம் டிரைவரின் தோளில் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து போன் போயிருக்க வேண்டும், ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கேட்டில் தொங்கிய முடிச்சைப் பார்த்தார், போனில் இருந்த படத்தைப் பார்த்தார், நிதானம் சொன்னதை முழுக்கக் கேட்டார். மில் ஆட்கள் அத்தனை பேரும் கேட்டதை ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். இன்ஸ்பெக்டரின் கழுத்தில் வியர்வை ஓடியது. "சரிம்மா, நகருங்க. ஆள ஏத்திக்கிறோம்," என்றார்.

"முதல்ல அவரக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் இவனக் கூட்டிட்டுப் போங்க."

"அதுக்கெல்லாம் முறை இருக்கும்மா..."

"இன்னும் கோர்ட்ல நிறுத்தலைன்னு நீங்கதானே சொன்னீங்க சார்," என்றார் நிதானம் தலையைத் தூக்காமல். "டிரைவர ஆஸ்பத்திரில இறக்கிட்டு, வர்ற வழில கூட்டிட்டு வந்திரலாம்."

அவள் அரிவாளைத் தாழ்த்தவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்.

ஜீப் திரும்பி வந்தபோதும் அவள் அதே இடத்தில்தான் நின்றிருந்தாள். வாத்தியார் இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கினார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"கையக் காட்டுங்க," என்றாள்.

"ஒண்ணுமில்ல. தூங்குறப்ப..."

அவள் அந்தக் கையைப் பின்னாலிருந்து வெளியே எடுத்தாள். விரல்களைப் பார்த்தாள். தொடப் போய், தொடாமல் நிறுத்தினாள். "யாரு?" என்று கேட்டாள். வாத்தியார் தரையைப் பார்த்தார். கான்ஸ்டபிள்கள் வானத்தைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

அவள் அரிவாளை மெக்கானிக்கிடம் நீட்டினாள். "இதக் கொஞ்சம் பிடிங்க தம்பி."

இன்ஸ்பெக்டரின் கன்னத்தில் விழுந்த அறை தெருக்கோடிவரை கேட்டது. தொப்பி சாக்கடையில் போய் விழுந்தது. யாரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

"நீங்க சாட்சி," என்றார் இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்தபடி நிதானத்திடம். "பாத்தீங்கல்ல?"

"எத சார்?" என்றார் நிதானம்.

"நான் பாத்தேன் சார்," என்றான் மெக்கானிக் ஆர்வத்தோடு. "நல்லா விழுந்துச்சு. இன்னொண்ணு விழும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் எதையும் காதில் வாங்கவில்லை. கணவனின் இடது கையைப் பிடித்து, டீசல் கொட்டிய இடத்தில் வழுக்காமல் பார்த்து நடத்தி, உள்ளே கூட்டிப்போனாள். கதவு சாத்திக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அந்தப் பெண், உள்ளே வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது. சின்னவரை ஜீப்பில் ஏற்றி, கேட்டுக் கயிற்றைப் பொட்டலம் கட்டி, ஜீப் தெருவைத் தாண்டிப் போகும்வரை அது நிற்கவில்லை.